மறு: டோன்வீலுக்குத் தமிழ்: சுரச்சக்கரமா, தொனிச்சக்கரமா?

குழுவினருக்கு வணக்கம். டோன்வீல் என்பது ஹாமண்ட் என்ற மின் ஆர்கனுக்குள் சுழன்று ஒலிக்கு மூலமாகும் சக்கரம். அதற்கு என் வாக்கு 'தொனிச்சக்கர'த்துக்கு.

> டோன்வீலைச் சுரச்சக்கரம் என்று வைத்துவிடலாமே. சொல் இனிமையாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது.

ஐயா, இனிமைக்குக் குறைவில்லை. ஆனால் பழுது பார்க்க உட்கார்ந்தவனை அந்தச் சொல் தவறான இடத்தில் கைவைக்கச் செய்யும். சிங்கப்பூரின் தோ பாயோவில் நண்பர் வீட்டு ஹாமண்ட் பி-3 ஆர்கன் இப்போது பின்பலகை கழற்றிய நிலையில் நிற்கிறது. சில கட்டைகள் (விரலால் அழுத்தும் கீகள்) உடைந்திருக்கின்றன, சில தொனிகள் வருவதில்லை. அதை வைத்தே சொல்கிறேன்.

லாரன்ஸ் ஹாமண்ட் 1934இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பி-3இல் ஒரு மோட்டார் 91 இரும்புச் சக்கரங்களைச் சுழற்றும். சக்கரத்தின் விளிம்பில் மேடும் பள்ளமும். அருகே காந்தக் கம்பி, அதைச் சுற்றி மிக மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். ஒவ்வொரு மேடும் கடக்கும்போது சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும். ஒரு சக்கரத்திலிருந்து கிடைப்பது ஏறக்குறைய கலப்பில்லாத ஒற்றைத் தொனிதான், சுரம் அன்று. கட்டையை அழுத்தினால் அதனடியில் ஒன்பது தொடுமுனைகள் ஒன்பது தொனிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். எதை எவ்வளவு கலப்பது என்பது டிராபார்களின், அதாவது இழுத்தும் தள்ளியும் அளவை மாற்றும் கோல்களின், வேலை. சுரம் அந்தக் கலவையில்தான் பிறக்கிறது.

(அகராதிகள் 'விசை' என்கின்றன. ஆர்மோனியக்காரர்கள் 'கட்டை' என்கிறார்கள். பாடகர் தம் சுருதியை "ஐந்தரைக் கட்டை" என்று கேட்கும் ஊரில் எனக்கு வேறு சொல் வேண்டாம்.)

ஆகவே ஒரு சக்கரம் ஊமையானால் ஒரு கட்டை ஊமையாவதில்லை. அந்தச் சக்கரத்திடம் பங்கு வாங்கும் பல கட்டைகள் சற்று மெலிந்து ஒலிக்கும். 'சுரச்சக்கரம்' என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, ஒரு கட்டை பேசவில்லை என்றதும் சக்கரத்தைத் தோண்டப் போவான். தோண்டுவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. இடமிருந்து மூன்றாவது டிராபாரை மட்டும் இழுத்துவிட்டு ஒவ்வொரு கட்டையாக அழுத்துங்கள். ஓரிடத்தில் சத்தம் இல்லையா? சரி, அந்த டிராபாரைத் தள்ளிவிட்டு நான்காவதை இழுங்கள். ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே உள்ள கட்டையை அழுத்துங்கள். இப்போது அதே சக்கரத்தைத்தான் வேறு வழியில் கேட்கிறீர்கள். ஒலித்தால் சக்கரத்தில் குற்றமில்லை, முதல் கட்டையின் தொடுமுனையைப் பாருங்கள். இங்கும் மௌனம் என்றால் மட்டும் உள்ளே போகலாம்: சுருள் அறுந்திருக்கும், அல்லது பழைய எண்ணெய் பிசினாகிச் சக்கரம் நின்றிருக்கும். நம் ஊர் ஈரக்காற்றில் சுருளின் கம்பி பச்சை பூத்து அறுவதற்கு அதிக காலம் பிடிக்காது.

> எங்கட பக்கம் வீலுக்குச் சில்லு என்போம். தொனிச்சில்லு எப்படி?

அண்ணை, சொல் எனக்கும் பிடித்தமானதுதான். ஆனால் சிங்கப்பூரில் சில்லு என்றால் கணினிச் சில்லுதான் நினைவுக்கு வரும். சில்லே இல்லாமல் பாடுவதுதான் இந்தக் கருவியின் பெருமை! உங்கள் இலங்கைப் பாடநூல்களில் ஓவர்டோனுக்கு உள்ள 'மேற்றொனி'யை வைத்தே எனக்குத் 'தொனி' துணிவு வந்தது. பேச்சின் தொனி என்ற வழக்கோடு குழம்பும் என்ற மறுப்பை நான் பெரிதாக எடுக்கவில்லை, பக்கத்தில் சக்கரம் நிற்கிறதே. 'பல்' சேர்ந்த சொல் எதுவும் கூடாது, உள்ளே அசல் பற்சக்கரங்களும் இருக்கின்றன.

அமெரிக்கக் கருவி நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சரியாக ஓடுமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: ஹாமண்ட் மின்கடிகாரம் செய்தவர், அதனால் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்தொடரும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவிக்கு இங்கே வோல்ட்டை மட்டும் குறைத்துக் கொடுத்தால் இரண்டரைக் கட்டைச் சுருதி ஒரு கட்டைக்கு இறங்கிவிடும். அதிர்வெண் மாற்றி வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. டிராபார்: 'இழுகோல்', எழுதுகோல் போல. பஸ்பார்: 'பேருந்துத்தண்டு' என்று எழுதியவர் விளையாட்டாகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். கட்டைகளின் கீழே குறுக்கே ஓடும் ஒன்பது கம்பிகளும் எல்லாக் கட்டைகளுக்கும் பொது என்பதால் 'பொதுக்கம்பி' போதும். அவற்றில் அழுக்கு சேர்ந்தால் கரகரக்கும். ஒரு திருகைச் சற்றுத் திருப்பினால் கம்பிகள் பக்கவாட்டில் நகர்ந்து தொடுமுனைக்குச் சுத்தமான இடம் கிடைக்கும்.

சக்கரங்களும் சுருள்களும் சேர்ந்த முழு அமைப்பான டோன் ஜெனரேட்டருக்கு 'மின்னாக்கி' என்று யாரோ பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். மின்னாக்கி என்றால் கரண்ட் போனால் ஓடவிடும் இயந்திரம். 'தொனியாக்கி' என்று திருத்திவிடட்டுமா?