கர்ப்பத்தின் 18ஆம் கிழமையில் குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது: வைத்தியசாலை விடுதியில் என்ன செய்வார்கள்?

கேள்வி (கோப்பாய்):
ஸ்கானில் இதயத்துடிப்பு இல்லையெனக் கூறி, என் தங்கையை நாளை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் அனுமதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் எவ்வளவு வலியைத் தாங்க வேண்டியிருக்கும்? இது சட்டத்துக்கு மாறானதோ என்று அம்மா அஞ்சுகிறார்.

பதில் (ஓய்வுபெற்ற தாதி):
அக்கா, வழமையாக மிசோப்ரோஸ்டோல் மாத்திரையைச் சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை கொடுப்பார்கள். கருப்பை சுருங்கி, பிரசவ வலியைப் போலவே விட்டுவிட்டு வலிக்கும், குளிர்நடுக்கமும் வயிற்றோட்டமும் வரக்கூடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும். சிலருக்குக் கூடுதலாகவும் ஆகலாம். வலிநிவாரணியைத் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. நச்சுக்கொடி முழுமையாக வராவிட்டால் மயக்கமருந்து கொடுத்து அகற்றுவார்கள். அவளது குருதி வகை நெகட்டிவ் என்றால், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் அன்ரி-டி ஊசி 72 மணித்தியாலங்களுக்குள் போடப்படுவதை உறுதிசெய்யுங்கள்.

பதில் (சட்டத்தரணி):
1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்குகிறது. இறந்துவிட்ட குழந்தையை வெளியேற்றுவது சிகிச்சையே. அம்மா அஞ்ச வேண்டாம்.

பதில் (இதே துயரைக் கடந்த தாய்):
சில நாள்களில் பால் சுரக்கலாம். அதுதான் என்னை உடைத்தது. பிழிந்தெடுக்காமல், நன்கு தாங்கும் மார்புக்கச்சையும் குளிர் ஒத்தடமும் பயன்படுத்தட்டும். குழந்தையைப் பார்ப்பதா என்பதை உறவினரல்ல, அவளே தீர்மானிக்கட்டும். வீடு திரும்பியபின் காய்ச்சலோ, மணித்தியாலத்துக்கு இரண்டு பாட் நனையுமளவு இரத்தப்போக்கோ இருந்தால் உடனே கூட்டிச் செல்லுங்கள்.