மறு: 'பவர்லெஸ் ஸ்ட்ரக்சர்ஸ்': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'வலுவற்ற கட்டமைப்புகள்' போதாதா? எளிமையாக இருக்கிறதே.

வணக்கம் ஐயா,

'வலுவற்ற' என்றால் இடிந்து விழப்போகிற கட்டடம் என்றுதான் படிப்பார்கள். கலைஞர் இணையரான எல்ம்கிரீனும் டிராக்செட்டும் தங்கள் படைப்பு வரிசைக்கு இப்படிப் பெயரிட்டது வேறு பொருளில். சுவரும் கதவும் தாமாக யாரையும் ஆட்டிவைப்பதில்லை, நாம் ஒத்துப்போவதால்தான் அவற்றுக்கு அதிகாரம் வருகிறது என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட எண்ணம். 1998இல் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் நகரில், ஆண்கள் ஆண் துணை தேடி வரும் இடத்தில், கலைக்கூடம் போன்ற வெள்ளை அறையை நிறுத்தினார்கள். அங்கே எதையும் தொடாதே, மெதுவாகப் பேசு என்று எந்தச் சுவர் சொல்லும்?

> சரி, பாலைவனத்தில் அவர்கள் கட்டிய பிராடா மார்ஃபா? அது வெறும் போலிக் கடைதானே.

அதன் தலைப்பில் 'பவர்லெஸ் ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற சொல் இல்லைதான். ஆனாலும் எனக்கு அதுவே நல்ல சான்று. 2005இல் டெக்சஸில் வேலன்டைன் என்ற சிற்றூருக்கு வெளியே, 90ஆம் நெடுஞ்சாலை ஓரம் கட்டினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பிராடா என்ற விலையுயர்ந்த இத்தாலிய நிறுவனத்தின் பைகளும் காலணிகளும். கதவு மட்டும் திறக்காது. சுவர் சுடாத மண்கல். பழுதுபார்க்காமல் விட்டு மண்ணோடு கரையவிடுவதுதான் திட்டம். திறந்த சில நாளிலேயே யாரோ புகுந்து 6 கைப்பைகளையும் 14 காலணிகளையும் தூக்கிப் போய்விட்டார்கள். அத்தனையும் வலக்கால் காலணிகள், என்ன செய்தார்களோ! அப்புறம் கரையவிட மனம் வரவில்லை. பழுதுபார்த்து, அடிப்பாகம் இல்லாத பைகளை வைத்தார்கள். 2013இல் மாநிலப் போக்குவரத்துத் துறை இதைச் சட்டவிரோத விளம்பரம் என்றது. 2014இல் அருங்காட்சியகம் என்று வகைப்படுத்தி இருக்கவிட்டார்கள். கட்டடம் அதேதான், ஒரு கல்கூட மாறவில்லை.

ஆகவே 'பவர்' இங்கே அதிகாரம்தான். 'கட்டமைப்பு' இருக்கட்டும், அது கட்டடத்தையும் சமூக ஏற்பாட்டையும் சேர்த்தே சுட்டுகிறது. முதலில், யாரையும் ஏவாதது என்ற பொருளில், 'ஏவாக் கட்டமைப்பு' என்று யோசித்தேன். சுருக்கமாகத்தான் இருந்தது, ஆனால் ஏவுகணை நினைவு வருகிறது. 'அதிகாரமற்ற' என்றாலோ அனுமதி வாங்காமல் கட்டியது போலத் தொனிக்கிறது. 'முடிவிலி' போல 'அதிகாரமிலிக் கட்டமைப்பு' என்று வைக்கலாமா?

> 'குயர்' என்பதற்கு?

பால்புதுமை. புழக்கத்தில் இருப்பதை மாற்ற வேண்டாம்.