விஷமுறிவு மருந்து ஒத்துக்கொள்ளாதவரை மறுபடியும் பாம்பு கடித்தால்?

கேட்டவர்: தோட்டத்துப் பெண், பீடோங், கெடா

சென்ற வாரம் ரப்பர் பால் வெட்டப் போன என் அப்பாவை, சருகுக்குள் அசையாமல் கிடந்த காப்பாக் போடோ பாம்பு கணுக்காலில் கடித்துவிட்டது. மருத்துவமனையில் கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடமாகியும் உறையாததால் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கால் மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடித்து மூச்சு இரைத்ததும், தொடையில் அட்ரினலின் ஊசி போட்டு, சற்று நிறுத்திவைத்து, பிறகு மெதுவாக ஏற்றி முடித்தார்கள். எட்டாம் நாளான இன்று காய்ச்சலும் மூட்டுவலியும் அரிப்பும் வந்திருக்கின்றன. “இனிமேல் கடித்தாலும் அந்த மருந்தைப் போட விடாதே” என்கிறார் பெரியம்மா. அது சரிதானா?

பதில்: ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்

மகளே, பெரியம்மாவின் பயம் புரிகிறது. ஆனால் அவர் சொல்வது தவறு. அது, பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ராணி சவோவபா நிலையத்தில், குதிரைகளுக்கு விஷத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி அவற்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. குதிரைப் புரதம் என்பதால், சிலருக்கு ஏற்றிய 10 நிமிடம் முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஒவ்வாமை வரும். சிலருக்கு ஒரு வாரம் கழித்து, சீரநோய் என்னும் தாமதமான ஒவ்வாமையாகக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். அப்பாவுக்கு வந்திருப்பது இரண்டாவதாக இருக்கலாம், பெரும்பாலும் சில நாள் மாத்திரையில் அடங்கிவிடும். ஆனால் கடித்த இடம் சீழ் பிடித்தாலும் காய்ச்சல் வரும் என்பதால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் இன்றே அதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மறுபடியும் கடித்து இரத்தம் உறையாமல் போனால், விஷத்தை முறிக்க அந்த மருந்தை விட்டால் வேறு வழி இல்லை. ஒவ்வாமைக்கோ அட்ரினலின் இருக்கிறது. ஊசி போடுமுன்பே பழைய கதையைச் சொல்லிவிட்டால், அதைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். முன்பு தோலில் ஒரு துளி போட்டுச் சோதிப்போம். அது யாருக்கு ஒவ்வாது என்று காட்டிக்கொடுப்பதில்லை என்பதால், உலகச் சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்கிறது.

பதில்: பழைய லயத்துக்காரர்

ஒன்று சேர்க்கிறேன். எங்கள் காலத்தில் கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டுவோம். என் அண்ணனின் கால் அப்படிக் கட்டியதால் கறுத்துப்போனது. காலை அசைக்காமல் தூக்கிச் செல்வதே போதும்.

கேட்டவர்:

ஐயா, போய் வந்தோம். சீரநோய்தான் என்று பிரெட்னிசோலோன் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மருந்தின் பெயரையும் ஒவ்வாமை வந்த தேதியையும் ஓர் அட்டையில் எழுதி வாங்கி, அப்பாவின் அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். பெரியம்மா இன்னும் சமாதானமாகவில்லை.