கியோட்டோ தைக்கான்-டென் போன்சாய் கண்காட்சி: படமெடுக்க யோசனை தேவை

நவம்பரில் கியோட்டோவின் மியாகோ மெஸ்ஸே அரங்கில் நடக்கும் தைக்கான்-டென் கண்காட்சிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

பெரிய தலைவலி ஷிம்பாக்கு ஜூனிபர் என்ற மரவகைதான். இலைக்கொத்து கரும்பச்சை, பட்டுப்போன கிளையும் (ஜின்) தண்டும் (ஷாரி) சுண்ணாம்பு வெள்ளை. பின்திரையும் வெளிர் நிறமென்றால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து மரத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை +2/3 ஸ்டாப் ஏற்றினால் ஜின்னில் மரவரி வெளுத்து அழிகிறது. ரா (RAW) கோப்பாக எடுத்து, வெள்ளைக்கு அளந்து, நிழலைப் பிறகு தூக்குவது போதுமா? ஐஎஸ்ஓ 1600ல் பச்சையில் இரைச்சல் புள்ளி (நாய்ஸ்) தட்டாதா?

யோசித்து வைத்திருப்பது: 85 மிமீ, எஃப்/8, கேமரா தண்டின் நடு உயரத்தில். மேலிருந்து எடுத்தால் தொட்டியின் வாய் விரிந்து மரம் குட்டையாகத் தெரியும். கியோட்டோவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். நம்மூர்ப் பழக்கத்தில் ஷட்டர் வேகம் 1/100 நொடி வைத்தால் சில விளக்குகளின் துடிப்பால் படத்தில் பட்டைக் கோடுகள் விழும், அதனால் 1/60 அல்லது 1/125. கையில் பிடித்து 1/60 என்பதுதான் பயம்.

மெருகுத் தொட்டிகளின் பளபளப்புக்குப் போலரைசர் (எதிரொளியைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டலாமா? ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போய்விடுமே! முக்காலியை விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், ஒற்றைக்காலி? கூட்டம் குறைவான நேரம் எது?