மறு: பன்றி அட்டவணைக்குத் தலைப்பு – சாணமா, கழிவா, எருவா?

நண்பர்களே, வணக்கம். பன்றிகளிடமிருந்து வயலுக்குப் போன நைட்ரஜன் நாடுவாரியாக எவ்வளவு என்று சொல்லும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அட்டவணைக்குத் தமிழ்த் தலைப்பு தேடுகிறோம். வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> "பன்றிச் சாணம் தெளிப்பு, நாடுவாரியாக, 1961 முதல்" என்று வைத்தால் என்ன?

வேண்டாம் என்பேன். மாடு போடுவது சாணம், ஆடு போடுவது புழுக்கை, கோழிக்கு எச்சம், பன்றிக்கும் கழுதைக்கும் விட்டை. 'பன்றிச் சாணம்' என்று அச்சில் பார்த்தால் ஊரில் சிரிப்பார்கள். அதற்காக விட்டை என்றும் போட முடியாது. வயலுக்குப் போவதில் மூத்திரமும் உண்டு, கொட்டிலில் பரப்பிய வைக்கோலும் உண்டு. எல்லாம் சேர்ந்து மக்கி நிலத்துக்குப் போனால் அது எரு. 'எரு இடுதல்' குறளிலேயே இருக்கிற சேர்க்கை. புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

'தெளிப்பு' அதைவிடத் தவறு. நெதர்லாந்தில் டேங்கர் வண்டிக்குப் பின்னால் வரிசையாக வட்டத் தகடுகள் இருக்கும். அவை புல்தரையைக் கத்தி வைத்ததுபோல் கீறிக்கொண்டே போக, குழாய் அந்தக் கீறலுக்குள் எருவை விடும். டென்மார்க்கில் தரையை ஒட்டித் தொங்கும் குழாய்களால் விடுகிறார்கள். அம்மோனியா காற்றில் போய்விடக் கூடாது என்பதற்காக, வீசியடிப்பதை இரண்டு நாடுகளும் எப்போதோ தடை செய்துவிட்டன. தடை செய்த வேலையின் பெயரை நாம் தலைப்பில் வைக்கலாமா?

> கழிவு என்பதே பொதுச்சொல். 'பன்றிக் கழிவுப் பயன்பாடு' போதும்.

இந்தச் சொல்தான் எனக்கு ஆகவே ஆகாது. 1959இல் மாவோ ஒரு கடிதத்தில், ஒரு பன்றி என்பது ஒரு சிறிய உரத் தொழிற்சாலை என்று எழுதினார். அன்றைய சீன உழவருக்கு அது கழிவே இல்லை. அப்புறம் யூரியா வந்தது, பண்ணை பெரிதானது, பன்றி ஓரிடம் வயல் ஓரிடம் என்றானது. 2014 முதல் அதே நாட்டில் பெருங்கால்நடைப் பண்ணைகளின் மாசைத் தடுக்கத் தனி விதிமுறை. ஐரோப்பாவிலும் இதே திருப்பம்தான்: எரு மிஞ்சிப்போய் நைட்ரேட்டாக நீரில் கலந்ததால், அதைத் தடுக்க வந்த 1991இன் நைட்ரேட் ஆணை ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ எரு நைட்ரஜன் என்று வரம்பு கட்டியது. எரு எப்போது கழிவானது என்பதைத்தான் இந்த அட்டவணையில் வாசகர் தேடுவார். தலைப்பிலேயே கழிவு என்று தீர்ப்பு எழுதிவிட்டால் தேட என்ன இருக்கிறது?

ஆகவே என் முன்மொழிவு: 'மண்ணில் இட்ட எரு'. மேய்ச்சலில் விலங்கே போட்டுவிட்டுப் போவதற்கு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் தரவில் தனிப் பிரிவு இருக்கிறது. அதற்கு 'மேய்ச்சலில் விழுந்த எரு'. இட்டது, விழுந்தது. ஆள் செய்ததா தானாக நடந்ததா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். எருவுக்காகவே ஆடுகளை இரவில் வயலில் அடைக்கும் ஆட்டுக்கிடை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், ஆனால் இது பன்றி அட்டவணை, தப்பித்தோம்.

ஓர் உறுத்தல் மட்டும். இதை யாரும் வயலில் நின்று எடை போடவில்லை. பன்றிகளின் எண்ணிக்கையைத் தலைக்கு இத்தனை நைட்ரஜன் என்று பெருக்கி, சேமிப்பில் போகும் இழப்பைக் கழித்து வருகிற எண் அது. சீனத்துப் பண்ணையிலிருந்து வாய்க்காலில் போனதும் இந்தக் கணக்கில் 'இட்டது' ஆகிவிட இடமிருக்கிறது. தலைப்பை மாற்ற வேண்டாம். அலகு வரியில் 'கிலோ நைட்ரஜன், கணக்கீடு' என்று கட்டாயம் போடுவோம்.

சரி, மிச்சம் ஒரு சொல். ஜெர்மன்காரர்கள் வைக்கோலோடு சேர்ந்த கெட்டி எருவை மிஸ்ட், வடிந்த மூத்திரத்தை யாவ்ஹ, இரண்டும் தண்ணீரும் கலந்ததைக் குல்லே என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டுக்கும் தொழுவெரு, எருநீர் என்று எழுதிக்கொண்டேன். மூன்றாவதற்குக் 'கரைசல்' பொருந்தாது, ஏனென்றால் அது கரைவதில்லை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், ஆனாலும் தொட்டியில் சும்மா விட்டால் மண்டி அடியில் படிந்துவிடும். கலக்கிவிட்டுத்தான் உறிஞ்ச வேண்டும். அதனால் 'எருக்குழம்பு' என்கிறேன். 'எருக்கூழ்' என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். இரண்டுமே நாம் சாப்பிடுகிற சாமான் என்பதால் வீட்டில் ஏற்கெனவே எதிர்ப்பு. வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் குழம்புதான்.