1950களின் பிரெஞ்சு செடான்கள், 1:43 அளவில்: பழைய டிங்கியா, புதிய மாடலா?

சின்ன அலமாரி (லீல்):

வணக்கம். போருக்குப் பிந்தைய பிரெஞ்சு செடான்களின் சிறு மாடல்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1946 முதல் 1960 வரை வந்த நான்கு கதவு வண்டிகள் மட்டும் போதும் என்று எல்லை வகுத்துக்கொண்டேன். இருக்கும் இடம் வரவேற்பறையில் ஒரே ஒரு தட்டு, நீளம் 90 செ.மீ. அதற்கு மேல் கேட்டால் வீட்டில் சண்டைதான்.

இதுவரை வாங்கியது எல்லாம் கியோஸ்க்குகளில் இதழோடு வந்த 1:43 மாடல்கள், அதாவது உண்மைக் காரில் 43இல் ஒரு பங்கு நீளம். பழம்பொருள் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கின்றன, பார்க்கவும் நன்றாக இருக்கின்றன. ஆனால் அங்கே வரும் பெரியவர்கள் அவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. டிங்கி டாய்ஸ் நிறுவனத்தின் பழைய உலோகப் பொம்மைக் கார்கள்தான் உண்மையான சேகரிப்பு என்கிறார்கள். ஒருவர் டிங்கி பெஜோ 403 ஒன்றைப் பெட்டியோடு 140 யூரோவுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

இன்னொன்று: நோரெவ் என்ற பிரெஞ்சு நிறுவனம் செய்த பழைய பிளாஸ்டிக் ரெனோ தோஃபின் ஒன்று கிடைத்தது. கூரை வளைந்து, நான்கு சக்கரங்களும் ஒருசேரத் தரையில் பதிய மறுக்கின்றன. வெந்நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

வில்லர்பான் கிழவர்:

வெந்நீர் வேண்டவே வேண்டாம், தம்பி. நான் நோரெவ் பிறந்த ஊரிலேயே குடியிருப்பவன். இந்தக் கோணல் கார்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. 1953இல் சிம்கா ஆரோந்தில் தொடங்கி அவர்கள் வார்த்த கார்கள் ரோடியாலிட் என்ற செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும், மேலே பெயிண்ட் கிடையாது. அதனால்தான் இன்றும் அந்த நிறங்கள் அவ்வளவு அழகாக இருக்கின்றன. ஆனால் காலம் போகப் போக அந்தப் பிளாஸ்டிக்கில் நெகிழ்ச்சிக்காகச் சேர்த்த பொருள் வெளியேறிவிடும். உடல் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். சூடுபடுத்தினால் ஒரு பக்கம் நிமிரும்போது மறுபக்கம் இழுக்கும், கதவுக்கோடுகளின் கூர்மையும் மழுங்கும். அப்படியே வையுங்கள். வெயில் படாத இடம், காற்றோட்டம், இவை போதும். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் அடைக்காதீர்கள். என்றாவது புளிக்காடி வாசனை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே உலோகக் கார்களிடமிருந்து பிரித்துவிடுங்கள், அந்த அமிலம் அவற்றையும் அரிக்கும்.

இனி டிங்கி. பாரிஸை ஒட்டிய பொபிஞ்ஞி தொழிற்சாலையில் வார்த்தவை பிரெஞ்சு டிங்கிகள். 403க்கு அவர்கள் முதலில் கொடுத்த பட்டியல் எண் 24பி. 140 யூரோவில் பாதிக்கு மேல் அந்த அட்டைப்பெட்டிக்குத்தான் கொடுக்கப் போகிறீர்கள், அதை முதலில் மனத்தில் வையுங்கள். மறுபதிப்புப் பெட்டிகள் தாராளமாகப் புழங்குகின்றன. பழைய அட்டையின் மடிப்பில் தேய்மானம் இருக்கும், உட்புறம் பழுப்பேறியிருக்கும். வெளியே பழசாகவும் உள்ளே பளிச்சென்றும் இருந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

காரைத் திருப்பிப் பாருங்கள். அடித்தட்டை உடலோடு பிணைக்கும் முளையை (ரிவெட்)த் தொழிற்சாலையில் நசுக்கி விரித்திருப்பார்கள். அதைத் துளையிட்டிருந்தாலோ, திருகாணி போட்டிருந்தாலோ யாரோ திறந்திருக்கிறார்கள், பெரும்பாலும் மறுபெயிண்ட் அடிப்பதற்காக. சக்கர வளைவின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். அண்மைக் காலத்தில் சீனாவில் செய்து விற்ற டிங்கி மறுவார்ப்புகளும் உண்டு. வைத்து ரசிக்க அவை நல்ல பொருள்கள், ஆனால் அந்த விலைக்கு அல்ல. எனவே அடித்தட்டு எழுத்துகளை ஒன்றுவிடாமல் படியுங்கள்.

சந்தையில் அந்தப் பெரியவர்கள் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். டிங்கி என்பது பொம்மை. பையன்கள் தரையில் ஓட்டி விளையாடச் செய்தது. இதழோடு வந்தது மாடல். காரின் உருவத்தைக் காட்டச் செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைத்தால் இரண்டுமே சோபிக்காது. உங்கள் எல்லையைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது அந்தக் காலத்துக் கார்கள் என்று தோன்றுகிறது, அந்தக் காலத்துப் பொம்மைகள் அல்ல. அப்படியானால் புதியதையே வாங்குங்கள், 140 யூரோவுக்குத் தட்டில் பாதி நிரம்பிவிடும்.

ஆனால் எதை வாங்குவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எல்லோரும் சித்ரோயன் டி.எஸ். ஐந்தாறு வாங்கி அடுக்குகிறார்கள். 1955 அக்டோபர் 5 அன்று பாரிஸ் கண்காட்சியில் முதல் நாளே 12,000 பேர் பதிவு செய்த கார், யாருக்குத்தான் ஆசை வராது? ஆனாலும் ஒன்று போதும். போர் முடிந்தபோது எஃகு கிடையாது, பெட்ரோல் பங்கீட்டில். எந்த நிறுவனம் எந்த அளவுக் கார் செய்வது என்று அரசாங்கமே பங்கு பிரித்தது. பொன்ஸ் திட்டம் என்பார்கள். அரசுடைமையாகிவிட்ட ரெனோவிடமிருந்து 4சிவி வந்தது. 760 சிசி எஞ்சின், அதுவும் பின்னால். ஆரம்ப வண்டிகளுக்கு ஜெர்மன் ஆப்பிரிக்கப் படை விட்டுப்போன மணல் நிறப் பெயிண்டையே அடித்தார்கள். அந்த மஞ்சளில் ஒரு 4சிவி உங்கள் தட்டின் முதல் காராக இருக்க வேண்டும். பெஜோவுக்கு 1948இன் 203. பனார் நிறுவனத்துக்கோ அலுமினியம்: 1954இன் டைனா இசட், 850 சிசி இரட்டைச் சிலிண்டரில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 130 கி.மீ. போன வண்டி. கணக்குப் பார்த்தபோது அலுமினியம் கையைக் கடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக எஃகுக்கு மாறினார்கள். இவற்றோடு ஆரோந்து, ரெனோ ஃப்ரெகாத், பிறகு ஃபோர்டின் புவாசி தொழிற்சாலையை 1954இல் சிம்கா வாங்கியதால் கைக்கு வந்த வி8 வெர்சாய், 403, தோஃபின். ஃப்ரெகாத் ஆழ்ந்த நீலத்திலோ கறுப்பிலோ கிடைத்தால் விடாதீர்கள். அழகான கார், பாவம், டி.எஸ். வந்த நாளிலிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாங்கும் முன் விவரம் சரிபாருங்கள். 4சிவியின் முகத்தில் ஆறு பட்டைகள் இருந்தால் பழையது. 1954 மாடலிலிருந்து மூன்றுதான். 203இன் பின் கண்ணாடி சிறிதாக இருந்தால் ஆரம்ப காலத்து வண்டி. பெட்டியில் 1956 என்று போட்டு, முகப்பு விளக்குகள் கண்ணாடிக்குள் இருக்கும் டி.எஸ். வந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த முகம் 1967 செப்டம்பரில்தான் வந்தது. முகப்பு விளக்கு மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 1993 வரை பிரான்சில் அதுதான் சட்டம். வெள்ளை விளக்கோடு ஒரு 403ஐப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பெரிய சக்கரம்:

கிழவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் 1:43இல் டைனாவின் உள்ளே என்ன தெரியும்? 1:18இல் கதவு திறக்கும், ஸ்டியரிங் திரும்பும், டி.எஸ்.ஸின் ஒற்றைக்கம்பி ஸ்டியரிங் சக்கரத்தை விரலால் தொடலாம். எண்ணிக்கை குறையட்டுமே. மூன்று கார், மூன்றும் ராஜா.

வில்லர்பான் கிழவர்:

90 செ.மீ. தட்டு ஐயா! 1:18இல் டி.எஸ். ஒன்றே 27 செ.மீ. ஆகிறது. மூன்று ராஜாக்கள் நின்றால் குடிமக்களுக்கு இடமில்லை. 1:43இல் அது 11 செ.மீ.; 4சிவி சுமார் எட்டரைதான். நீளவாக்கில் வைக்காமல் மூக்கு வெளியே தெரிய நிறுத்தினால் ஒன்றுக்கு 6 செ.மீ. வீதம் பதினைந்து கார் நிற்கும். பிரெஞ்சுக் கார் முகத்தில்தான் இருக்கிறது, பக்கவாட்டில் அல்ல. டி.எஸ். மட்டும் விதிவிலக்கு, அதைச் சாய்வாக வையுங்கள்.

சின்ன அலமாரி (லீல்):

மிக்க நன்றி ஐயா. தோஃபினை அப்படியே விட்டுவிடுகிறேன். ஒரு சந்தேகம்: என் புது 403இன் டயர்கள் பிளாஸ்டிக் பீடத்தில் ஒட்டிக்கொண்டு, எடுத்தால் பிசுபிசுவென்று தடம் விடுகின்றன. காரைத் துடைக்க எதைப் பயன்படுத்துவது? 140 யூரோ 403ஐ முழுதாக மறக்கவும் மனம் வரவில்லை. அதன் நிறம் அப்படி.

பழைய டப்பா (நாந்த்):

டயர் ஒட்டுவது பலருக்கும் நடப்பது. மென்மையான பிவிசியிலிருந்து கசியும் பொருள் பாலிஸ்டைரீன் பீடத்தைக் கரைக்கிறது. பீடத்தைக் கழற்றிவிடுங்கள், காரை நேரே மரத்தட்டிலோ, சக்கரத்தின் அடியில் சிறு துண்டு அலுமினியத் தாள் வைத்தோ நிறுத்துங்கள். தின்னர், ஆல்கஹால் எதுவும் வேண்டாம், அச்சிட்ட வெள்ளிக் கோடுகள் போய்விடும். ஓவியத் தூரிகையால் தூசி தட்டினாலே போதும். கறை இருந்தால் ஒரு துளி சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீர், பஞ்சுக்குச்சி. ஜன்னலுக்கு நேரே வைத்தால் சிவப்பு நிறங்கள்தான் முதலில் வெளுக்கும்.

வில்லர்பான் கிழவர்:

நிறத்துக்காக என்றால் அது வேறு வழக்கு, ஆசைக்கு நான் தடை சொல்வதில்லை. பெட்டி இல்லாமல் எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள். தயங்காமல் பாதி விலை சொன்னால் காரின் மதிப்பு உங்களுக்கே தெரிந்துவிடும். பணம் கொடுக்கும் முன் அடித்தட்டையும் முன் முளையையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே போடுங்கள். துளையிட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.