மேடைக்கு எழுதுகிறவன் டிவித் தொடருக்குப் போகலாமா?

வெள்ளவத்தைப் பொடியன்:
பள்ளிக்கூடத் தமிழ்த்தின விழாவில் தொடங்கி, இப்போது கொழும்பு பம்பலப்பிட்டியில் இரண்டு நாடகம் மேடையேற்றிவிட்டேன், இரண்டும் நானே எழுதியவை. ஒருவர் 13 அங்கத் தொலைக்காட்சித் தொடர் எழுதித் தரச் சொல்கிறார். பகலில் கணக்கு வேலை, அதை விட்டுவிட்டு இறங்கலாமா? கே. பாலசந்தரைப் பார் என்று கூட்டாளிகள் உசுப்பேற்றுகிறார்கள்.

விறாந்தை:
தம்பி, பாலசந்தர் சென்னை ஏஜி ஆபீஸில், அதாவது அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ மேடையில் ஓடித்தான் 1964இல் படமானது, டிவித் தொடர்களுக்கு வந்தது அதற்கு எவ்வளவோ காலம் பிறகு. வேலையை விடாதேயும்.

எழுத்து விஷயம் வேறு. மேடையில் ‘தேத்தண்ணி ஆறிப்போச்சு, இன்னும் வரேல்லையே’ என்று ஒருத்தி சொன்னால்தான் கடைசி வரிசைக்காரனுக்கு அவள் காத்திருப்பது விளங்கும். டிவியில் ஆடை கட்டின பால்தேத்தண்ணியைக் காட்டினால் போதும், வசனமே வேண்டாம். என்னுடைய முதல் பிரதியில் பாதியை அப்படித்தான் வெட்டினேன், சரியான வயிற்றெரிச்சல். ஆனால் மேடைப் பழக்கம் வீண் போகாது. கோட்டை ஸ்டேஷனில் வழியனுப்புகிற காட்சி ஒன்று எழுதினேன், செலவு தாங்காது என்று ஒரு வீட்டு விறாந்தைக்கு மாற்றச் சொன்னார்கள். ஒரு விறாந்தை, இரண்டு பேர், ஒரு சூட்கேஸ். அது எங்களுக்குத் தெரிந்த வேலைதானே?

பழைய ரேடியோ:
பாலசந்தரை ஏன் இழுக்கிறீர்கள், அங்கே சந்தை பெரிசு. எங்கள் நாட்டுக் கவிஞர் சில்லையூர் செல்வராசன் ‘தணியாத தாக’த்தைத் திரைப்படச் சுவடியாக, அதாவது படத்துக்கான பிரதியாகத்தான் எழுதினார், அது வீடு வீடாகப் போனது இலங்கை வானொலித் தொடராக. இங்கே எழுதுகிறவன் மேடை, வானொலி, திரை மூன்றுக்கும் தயாராக இருக்கவேண்டும்.

அப்புறம் காசு. எனக்குப் பாதிப் பணம் இன்றுவரை வரவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவுடனேயே பதிப்புரிமை உம்முடையது, பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் என்ன உரிமையைக் கொடுக்கிறீர், எத்தனை அங்கத்துக்கு ஒருதரம் காசு என்பதை எழுத்தில் வாங்கும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
நன்றி அண்ணாமார். ஒப்பந்தம் கேட்டுப் பார்த்தேன். ‘நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம்தானே தம்பி’ என்கிறார்.

பழைய ரேடியோ:
எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். முதல் அங்கத்தை மட்டும் கொடும், காசு வந்தபிறகு இரண்டாவது.